இறங்கும்போதுதான் குளிர்

சேலம்,
20-1-2026

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். மூன்றாம் பக்கத்தில் உன் கட்டைவிரல் நாலு வரியை மறைத்துவிட்டது. அதில் பேரனைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருப்பாய் என்று நானே நிரப்பிக்கொண்டேன். மகளும் மருமகனும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம்.

பின்லாந்துக் குளிரில், மைனஸ் 18 டிகிரியில் மருமகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக 6 கிலோமீட்டர் போய்வந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். டயரில் ஆணி அடித்திருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் என் வீட்டுக்காரி நிறுத்தச் சொல்லிவிட்டாள். "இங்க ஆணி குத்திடும்னு பயந்து ஓட்டறோம், அங்க ஆணியை வச்சே ஓட்டறாங்களா?" என்றாள். பனிக்கட்டியில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணி அது என்று விளக்கினேன். "உங்க ரெண்டு பேருக்கும் அறுபதாம் கல்யாணம் பண்ணி வச்சதே தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பத்தரைக்கு விடிந்து இரண்டரைக்குள் இருட்டிவிடுகிற ஊரில் எப்படி இருக்கிறாயோ, தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனி. டயரில் காற்று தானாகக் குறைகிறது, வால்வு கசிகிறது போல என்று எழுதியிருந்தாய். வால்வு பாவம், அதை விட்டுவிடு. வீட்டுக்குள் 20 டிகிரியில் 30 பாயிண்ட் அடித்த டயரை மைனஸ் 18-க்கு எடுத்துக்கொண்டு போனால் அது 24 பாயிண்டுக்கு வந்து நிற்கும். காற்று எங்கேயும் போகவில்லை, சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே சைக்கிளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு அளந்து அடி. இருந்தாலும் ஆணி டயருக்குக் காற்று ஒரு சுற்று குறைவாக இருப்பது பிடிமானத்துக்கு நல்லதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியும் பாடம் நடத்தும் புத்தி போகவில்லை, பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேனா, ஜூலையில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். விலை 26,000. வீட்டில் சொன்னது 12,000. இந்த வரியை உன் மனைவி முன்னால் படித்துவிடாதே, பின்லாந்திலிருந்து சேலத்துக்குச் செய்தி வர அரை நிமிடம் போதும். முதல் நாலு மாதம் கன்னங்குறிச்சி, மூக்கனேரிக் கரை என்று ஊரைச் சுற்றினேன். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் ஞாயிறுதோறும் ஏற்காடு.

நாலேமுக்காலுக்குக் கிளம்பினால்தான் சரியாக வரும். எட்டு மணிக்கு மேல் மலைப்பாதையில் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டிவிடுகின்றன. வளைவில் ஒலி எழுப்ப வேண்டும் என்பதுகூட அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த விடியற்காலையில் அஸ்தம்பட்டிப் பக்கம் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, அப்புறம் நாய்கள். குரங்குக் குல்லாய் போட்ட ஆளைக் கண்டால் நாய்களுக்கு ஏன் ஆவதில்லையோ. கோரிமேடு வரை என்னை ஒவ்வொரு தெருவாக ஒப்படைத்துக்கொண்டே வந்தன.

கோரிமேட்டிலிருந்து அடிவாரம் போகும் தூரத்தில்தான் குளிர் நிஜமாகப் பிடிக்கிறது. பள்ளத்தில் பனி வெள்ளையாகத் தேங்கி நிற்கிறது. முன்னால் போகிற பால் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதக்கும். ஆனால் நாலைந்து வளைவு ஏறியதும் குளிர் குறைகிறது! முதல் வாரம் என் உடம்பு சூடேறியதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு தெர்மாமீட்டரைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் 16, ஐந்தாவது வளைவில் 18. மேலே ஏற ஏறக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவு சீக்கிரம் ஆறிவிடுகிறது. அதை ஒட்டிய காற்று கனத்து, தண்ணீர் மாதிரி வழிந்து கீழே பள்ளத்தில் தங்கிவிடுகிறது. புத்தகத்தில் அதுவும் இருக்கிறது, நான்தான் நடத்தாமல் விட்டேன். எந்தப் பையனும் சைக்கிளில் போய்ச் சரிபார்க்காததால் தப்பித்தேன்.

பத்தாவது வளைவுக்கு மேல் பழையபடி குளிர் வந்துவிடும். ஆனால் ஏறுகிறவனுக்கு அது பொருட்டே இல்லை. கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு, மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகம். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஸ்வெட்டரை இரண்டாவது வளைவில் கழற்றிவிடுகிறேன். குரங்குகள் சுவர்மேல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு கிழவன் வேர்த்து ஒழுகிக்கொண்டு போகிறேன். மழை பெய்த வாரம் என்றால் மட்டும் சரிவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஏறுவேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டதை மறக்க முடியவில்லை.

மேலே இது காபிப் பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்க, கீழே சிவப்பும் மஞ்சளுமாகப் பழம். பழத்தோல் உரித்த இடங்களிலிருந்து புளித்த வாடை ரோடு வரை வருகிறது. எனக்கு அது பிடிக்கும். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தாராம். இரு நூறு வருஷம் கழித்து, காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒண்டிக்கடையில் நின்று எல்லோரும் டீதான் குடிக்கிறோம். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏரியில் ஆவி பறப்பதைப் பார்த்தேன். 13 டிகிரி. நீ சிரிப்பாய், சிரி.

சிரிப்பதற்கு இன்னும் இருக்கிறது. மார்கழி மூன்றாவது ஞாயிறு. டீயைக் குடித்துவிட்டு, நனைந்த பனியனோடு, அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஏறும்போது காற்றே இல்லை. இறங்கும்போது சைக்கிளே காற்றை உண்டாக்குகிறது, மணிக்கு 35 கிலோமீட்டர். ஸ்வெட்டர் கம்பளிதான், ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் காற்று புகுந்து ஈர பனியனைத் தொட்டது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு, பானைக்குப் பதில் என் நெஞ்சு. மூன்று வளைவு தாண்டுவதற்குள் பல் கிட்டியது. ஐந்தாவதில் விரல்கள் போய்விட்டன. பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கிறது மாப்ளே, அழுத்த விரல் வேண்டுமே! எதிரே ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறி வர, நான் பாதையோரச் சரளையில் இறங்கி, காலை ஊன்றி, ஒரு புதரில் சாய்ந்து நின்றேன். அடி ஒன்றும் இல்லை. முட்டியில் கொஞ்சம் தோல் போனது. வீட்டில் கேட்டதற்குக் கட்டில் கால் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அங்கே ஒரு அம்மாள் கொய்யாப்பழக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சருகு கூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கையைப் பிடித்து இழுத்து நெருப்பின் முன்னால் உட்கார வைத்தார். "இந்த வயசுல இது தேவையா சார்?" அப்புறம் பழம் பொதிகிற பழைய பேப்பரில் நாலைந்து தாள் எடுத்து, "சட்டைக்குள்ள வுட்டுக்கோ" என்றார். நெஞ்சில் விரித்துச் செருகிக்கொண்டேன். மாப்ளே, அடிவாரம் வரை சொட்டுக் குளிர் இல்லை. நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கும் ரத்தம் வருகிறது.

அங்கிருந்து வீடு வரும் வரை உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்றரை மணிக்கு எழுந்து பேப்பர் கட்டை கேரியரில் வைத்துக்கொண்டு போவாரே. மார்கழியில் முதல் பேப்பரைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து உன்னிடம் நீட்டுவார். உங்கள் வீட்டுப் பேப்பர் எப்போதும் கசங்கி, கொஞ்சம் ஈரமாக, வேர்வை வாசனையோடு இருக்கும். நான் அதை வாங்கிப் படிக்க முகம் சுளித்திருக்கிறேன். காசு கொடுக்காமல் மிஞ்சிய பேப்பரைப் படிக்கத்தான் அவர் அப்படிக் கொண்டுவருகிறார் என்று எனக்கு நினைப்பு. நீயும் ஒரு நாளும் சொன்னதில்லையே. உனக்காவது தெரியுமா?

1981-ல் நாம் ஏற்காடு போனோமே, அப்போதுகூட அவர் கேட்டார், "காலங்காத்தால எங்கடா, மேல சட்டைகூட ஒழுங்கா இல்லாம?" என்று. ஸ்பெஷல் கிளாஸ் என்று புளுகினோம். வாடகை சைக்கிள் ஒன்று, ஆள் இரண்டு, அடமானத்துக்கு என் மாமாவின் கடிகாரம். ஏழாவது வளைவு வரை டபுள்ஸ் மிதித்தோம் என்று நீ இன்றும் சாதிப்பாய். நாலு. அதற்கு மேல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியதுதான். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து தீய்ந்த வாடை வரவும், உண்ணிச்செடிக் கிளையை வெட்டிக் கேரியரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோமே, அந்த யோசனை என்னுடையது. இதிலும் நீ தகராறு செய்வாய். நீ பின்னால் உட்கார்ந்திருந்ததால் உனக்குக் குளிரே தெரியவில்லை என்பது மட்டும் நிச்சயம். முழுக் காற்றையும் வாங்கியது நான்.

இப்போது ஏற்பாடு மாறிவிட்டது. ஏறும்போது ஒரே ஒரு மெல்லிய சட்டை. கிளம்பும்போது குளிர வேண்டும். அடிவாரத்தில் கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். பையில் காய்ந்த பனியன், பாலித்தீன் உறையில். ஒண்டிக்கடையில் டீ சொல்வதற்கு முன் பனியன் மாற்ற வேண்டும், சொன்ன பிறகு அல்ல. டீ குடிக்கிற பத்து நிமிடத்தில்தான் உடம்பு ஆறிப்போகிறது. அதற்கு மேல் இரண்டு தாள் பேப்பர். கைக்குத்தான் வழி கிடைக்கவில்லை. இங்கே ஒரு கடையில் சைக்கிள் கையுறை என்று கொடுத்தான், பாதி விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முழு விரல் வேண்டும் என்றால், "சேலத்துக்கு எதுக்கு சார்?" என்கிறான். அவன் கேட்பதும் நியாயம்தான்.

மற்றபடி ஊரில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு மகன் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது 12,000-க்கு எங்கப்பா கிடைச்சது?" என்று கேட்டான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

நீ மார்ச் முதல் வாரம் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று உன் பாட்டி சொல்வாரே, அந்தக் கணக்கில் மாசி முடிய உனக்கு ஒரு வாரம் கிடைக்கும். பகலில் வெயில் ஏறிவிடும், ஆனால் விடியற்காலை அஞ்சு மணிக்கு மலைமேல் இன்னும் பனி இருக்கும். உனக்கு ஒரு சைக்கிள் இரவல் பேசி வைத்திருக்கிறேன். உன்னை இந்தத் தடவை பின்னால் உட்கார வைப்பதாக இல்லை.

வரும்போது முழு விரல் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வா. என் கை உன் கையைவிட ஒரு சுற்று பெரியது, ஞாபகம் இருக்கட்டும். பேப்பர் இங்கே இருக்கிறது.

உன்,
மச்சான்