பார்சல் அனுமதி சிறு கடைகளுக்கும் பயன்பட வேண்டி: சேலம் மாவட்ட ஆட்சித்தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சேலம் மாநகரில் மெஸ், டிபன் கடை, தட்டுவடை செட் கடை நடத்தும் சிறு உணவக உரிமையாளர்கள்
(பெயர், கடை முகவரி, கையெழுத்து ஆகியவை இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

நாள்: 10.06.2021

பொருள்: கொரோனா ஊரடங்கில் சிறு உணவகங்களின் பார்சல் விற்பனைக்கு உள்ள நடைமுறைத் தடைகளை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊரடங்கைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் இந்த மனுவை எழுதவில்லை. கடைக்குள் உட்கார வைத்துச் சாப்பாடு போடவும் அனுமதி கேட்கவில்லை. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சிலேயே காத்துக்கிடந்தவர்களை மே மாதத்தில் இந்த ஊரே பார்த்தது. இரும்பாலை வளாகத்திலேயே தற்காலிக சிகிச்சை மையம் அமைக்க வேண்டி வந்த நிலைமை அது. எனவே கட்டுப்பாடு தேவைதான். அரசு எங்களுக்குப் பார்சலுக்கு அனுமதி தந்திருக்கிறது. அந்த அனுமதி எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் உண்மையிலேயே பயன்பட வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஏப்ரல் 26 முதல் உணவகங்களில் பார்சல் மட்டும் என்றானது. மே 10-ல் முழு ஊரடங்கு வந்தது. காலை 6 முதல் 10, நண்பகல் 12 முதல் 3, மாலை 6 முதல் இரவு 9 வரை என்று பார்சலுக்கு நேரம் வகுக்கப்பட்டது. டீக்கடைகள் மே 15 முதல் அடியோடு மூடப்பட்டன. மே 24-ல் தளர்வில்லாத ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளும் மூடியதால், அரிசிக்கும் பருப்புக்கும் எங்கே போவது என்று தெரியாமல் பலர் கடையைத் திறக்கவே இல்லை. ஜூன் 7 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் மாலை 5 வரை இயங்குவதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் தொற்று குறையாத 11 மாவட்டங்களில் சேலமும் ஒன்று என்பதால், மற்ற மாவட்டங்களுக்குக் கிடைத்த கூடுதல் தளர்வுகள் நமக்கு இல்லை. அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, மறுப்பு இல்லை.

சரி, பார்சல்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று தாங்கள் கேட்கலாம்.

முதல் குறை சாலையில் இருக்கிறது. உணவு டெலிவரி செயலி நிறுவனங்களின் ஊழியர் சட்டையும் பையும் போட்டுக்கொண்டு போனால் யாரும் நிறுத்துவதில்லை. அதே உணவை எங்கள் கடைப் பையன் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு எடுத்துப் போனால் நிறுத்துகிறார்கள். அடையாள அட்டை எங்கே, பாஸ் எங்கே என்று கேட்கிறார்கள். ஒருமுறை எங்கள் மெஸ்ஸிலிருந்து போன மதியச் சாப்பாடு வண்டியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றது. விளக்கம் சொல்லி வண்டியை மீட்டுவிட்டோம், சாப்பாட்டைத்தான் கொடுக்க முடியவில்லை. பணியில் இருந்த காவலரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் அவருக்கு யார் உண்மை சொல்கிறார்கள், யார் ஊர் சுற்றுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அடையாளம் கொடுக்க வேண்டியது நிர்வாகம்தான்.

ஆகவே சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களிலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற ஒவ்வொரு சிறு கடைக்கும் இரண்டு டெலிவரி அடையாள அட்டைகள் வழங்க உத்தரவிட வேண்டுகிறோம். கடையின் பதிவு எண், ஊழியரின் புகைப்படம், மண்டல அலுவலக முத்திரை, இவ்வளவு இருந்தால் போதும். தடுப்பூசி போட்டவருக்குத்தான் அட்டை என்று நிபந்தனை வைத்தாலும் சம்மதம். ஆனால் அதற்குத் தடுப்பூசி கிடைக்க வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் முகாம் வரிசையில் நின்றுவிட்டு டோக்கன் முடிந்து திரும்பியவர்கள். சமையல் மாஸ்டர், பார்சல் கட்டுபவர், கொண்டுபோய்க் கொடுப்பவர் ஆகியோருக்கென்று தனி முகாம் ஒன்றை இருப்பு வந்தவுடன் நடத்தினால், எங்களைவிட எங்களிடம் வாங்குகிறவர்களுக்குத்தான் அதிக நிம்மதி.

பார்சல் வாங்க நடந்து வருபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கையில் பாத்திரத்தோடு தன் தெருவிலிருந்து அடுத்த தெருக் கடைக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மாநகரக் காவல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லப்பட வேண்டும். தூக்குவாளியோடு போகிறவர் எங்கே போகிறார் என்பது பார்த்தாலே தெரியும். பாத்திரம் கொண்டுவரச் சொல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. சாம்பார், ரசம், மோர், கூட்டு என்று ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை குழம்பு வகை என்று தாங்களும் அறிவீர்கள். இத்தனையையும் தடையை மீறாமல் கட்டிக் கொடுக்க டப்பா வாங்கினால், சாப்பாட்டில் கிடைக்கும் லாபம் டப்பாவுக்கே சரியாகிவிடும். "பாத்திரம் கொண்டுவாருங்கள், பக்கத்துக் கடையில் வாங்குங்கள்" என்று மாநகராட்சி ஒலிபெருக்கி வண்டியில் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.

அடுத்தது நேரம். இது அரசாணையில் உள்ள விஷயம், தாங்கள் நேரடியாக மாற்ற முடியாது என்பது தெரியும். ஆனால் தங்கள் பரிந்துரைக்கு மதிப்பு உண்டு. மதியம் 3 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு 6 மணிக்குத் திறக்கும் ஏற்பாடு சாப்பாட்டுக் கடைக்கு ஒத்துவரும். தட்டைக்கு நடுவில் சட்னி வைத்து விற்கும் தட்டுவடை செட் கடைக்கு ஒத்துவராது. சேலத்தில் சாயங்காலத் தீனிக்கு ஒரு தனி வழக்கம் இருக்கிறது. தறிச் சத்தம் ஓயும் நேரம், வெள்ளிப் பட்டறைகளில் வேலை முடியும் நேரம், நாலரை மணியிலிருந்தே அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தள்ளுவண்டிகளில் கூட்டம் ஆரம்பிக்கும். தட்டுவடை செட், முறுக்கு செட், நொறுக்கல் எல்லாம் அப்போது விற்றால்தான் உண்டு. ஆறு மணிக்கு மேல் கடை போட்டு எட்டே முக்காலுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்றால், அதற்குள் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தீனியும் பார்சலுக்குப் பிறந்தவை அல்ல. பிரியாணியும் பரோட்டா சால்னாவும் எவ்வளவு தூரம் போனாலும் தாங்கும். தட்டுவடை செட் தாங்காது. இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னியும் கேரட், பீட்ரூட் துருவலும் வைத்து, கட்டிக் கொடுத்துப் பத்து நிமிடம் போனால் தட்டை நமுத்துப் போகும். இப்போது சிலர் தட்டையைத் தனியாகவும், காரச் சட்னியையும் துருவலையும் வேறு வேறாகவும் கட்டிக் கொடுத்து, வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ருசி முன்போல இல்லை என்று வாங்குகிறவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் வாங்குகிறார்கள். அந்த மனசு இருக்கும்போதே மாலை 4 மணி முதல் பார்சல் விற்க அனுமதி கிடைத்தால் இந்தக் குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளும். தள்ளுவண்டிகளை ஒரே இடத்தில் சேரவிடாமல், தெருவுக்கு ஒன்று என்று பிரித்து நிறுத்தச் சொன்னாலும் கேட்டுக்கொள்வோம்.

செயலிகளில் சேர்ந்துகொள்ளலாமே என்று பல அதிகாரிகள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து பார்த்தவர்களும் எங்களில் உண்டு. பிடித்தம் போக மிஞ்சுவது குறைவு. வசூலும் அன்றன்றைக்குக் கைக்கு வராது. காலையில் சரக்கு வாங்கி, மதியம் விற்ற காசில் மறுநாள் சரக்கு வாங்குகிற கடைக்கு வாரக் கணக்கு கட்டுப்படியாகாது. அதற்காக விலையை ஏற்றினால் எங்கள் வாடிக்கையாளரால் வாங்க முடியாது. தவிர, வீட்டில் தனியாக இருக்கும் வயதான தம்பதிக்குச் செயலி தெரியாது, கடைக்காரரின் போன் நம்பர் கிடைத்தால் போதும். காய்கறி வண்டிகளுக்கு வார்டு வாரியாகத் தொடர்பு எண்களை அறிவிப்பது போல, பார்சல் தரும் சிறு உணவகங்களின் எண்களையும் வார்டு வாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டுகிறோம். நிர்வாகத்துக்கு இதில் செலவே இல்லை. பட்டியலைத் தயாரித்துத் தரும் வேலையை நாங்களே செய்கிறோம்.

இந்தப் பட்டியலுக்கு அவசரம் ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் தொற்று வந்து, வீட்டுத் தனிமையில் அடுப்பு மூட்ட ஆளில்லாமல் கிடந்தவர்கள் இந்த அலையில் ஏராளம். சொந்தக்காரர்கள் வாசல்வரை வரவே பயந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இட்லி, கஞ்சி, ரசம் சாதம், பத்தியச் சமையல் என்று கேட்டபடி செய்து, கேட்டில் மாட்டிவிட்டுப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு வந்தவர்கள் பக்கத்துத் தெரு மெஸ்காரர்கள்தான். உப்பைக் குறைங்கள், காரமே வேண்டாம், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் கேட்டுச் சமைப்பது சின்னக் கடையில்தான் நடக்கும். காசு பிறகு தருகிறேன் என்றவர்களுக்கும் கொடுத்தோம். சிலரிடம் இனி கேட்கவும் முடியாது, கேட்கப் போவதும் இல்லை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, இரும்பாலை சிகிச்சை மையம், கொரோனா பராமரிப்பு மையங்கள், தடுப்பூசி முகாம்கள், சோதனைச் சாவடிகள் என்று அரசு தினமும் பல இடங்களில் உணவு வழங்க வேண்டியிருக்கிறது. அதில் விலை கொடுத்து வாங்கும் உணவின் ஒரு பகுதியையாவது அந்தந்தப் பகுதி மெஸ்களிடம் முறைவைத்து வாங்க வேண்டுகிறோம். அம்மா உணவகங்களும், கோயில்கள் மூலம் வழங்கப்படும் உணவுப் பொட்டலங்களும் செய்கிற சேவை பெரிது, அதற்குக் குறுக்கே நாங்கள் வரவில்லை. ஒரே ஒப்பந்ததாரருக்குப் போகும் ஆர்டரை ஐந்தாறு கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐந்தாறு அடுப்புகள் அணையாமல் இருக்கும். தரத்தையும் விலையையும் தாங்களே நிர்ணயியுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் எப்போது வந்து சமையலறையைப் பார்த்தாலும் சரி.

பதிவு பற்றியும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 100 ரூபாய் கட்டி அடிப்படைப் பதிவு பெறலாம் என்பது சட்டம். தள்ளுவண்டிக்காரர்களில் பலர் இன்னும் அதைப் பெறவில்லை. கணினி மையத்துக்குப் போனால் பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். மண்டல அலுவலகங்களில் ஓரிரு நாள் முகாம் போட்டால் இது முடிந்துவிடும்.

பார்சல் மட்டும் என்றானதும் கடையில் எல்லோருக்கும் வேலை இருப்பதில்லை. மாஸ்டருக்கு உண்டு, சப்ளையருக்கு இல்லை. இலை எடுத்து மேஜை துடைக்கும் அம்மாக்களுக்கு இல்லவே இல்லை. அரசின் கொரோனா நிவாரணத்தில் முதல் தவணை 2,000 ரூபாய் ரேஷன் அட்டைக்குக் கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் வெளி மாவட்டத்திலிருந்து வந்து கடையிலேயே தங்கி வேலை செய்பவர்களின் அட்டை அவர்கள் சொந்த ஊரில் இருக்கிறது. அவர்களுக்கும், வேலை இழந்த பெண் தொழிலாளர்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்ட தொகுப்பாவது கொடுத்து உதவ வேண்டும்.

மாநகராட்சி வணிக வளாகங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு மே, ஜூன் மாத வாடகையைத் தள்ளுபடி செய்யவும், உரிமம் புதுப்பிக்கத் தாமதமானால் அபராதம் விதிக்காமல் இருக்கவும் மாநகராட்சிக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் நண்பர்கள் தங்கள் நிலைமையையும் இதில் சேர்க்கச் சொன்னார்கள். அங்கே பார்சல் அனுமதி இருந்தும் பயனில்லை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்குகிறவர்கள் மலையேறி வரும் வெளியூர்க்காரர்கள்தான். கோடை விழா இரண்டு வருடமாக இல்லை. சுற்றுலாப் பயணிகளை இப்போது விடச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. மலையில் பணிபுரியும் அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள், சுகாதாரப் பணியாளர்களுக்கான சாப்பாட்டை அங்குள்ள கடைகளிலேயே வாங்கச் சொன்னால் போதும் என்கிறார்கள். காபித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடக்கும் தடுப்பூசி முகாம்களுக்கு உணவு கொண்டுபோகவும் தயாராக இருக்கிறார்கள்.

இவற்றில் டெலிவரி அடையாள அட்டையும், வார்டு வாரியான தொலைபேசிப் பட்டியலும் தங்கள் அளவிலேயே உடனே செய்யக்கூடியவை என்று நம்புகிறோம். மற்றவற்றுக்கு முன் இந்த இரண்டையாவது ஜூன் 14-க்குள் செய்து தர வேண்டுகிறோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் இப்போது நடக்காததால் மனுவைத் தபாலில் அனுப்புகிறோம். தாங்கள் நேரம் ஒதுக்கினால் எங்களில் இருவர் மட்டும் முகக்கவசத்துடன் வந்து நேரில் விளக்கத் தயார். வார்டு வாரியான கடைப் பட்டியலின் முதல் பகுதியை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேலம் மாநகரச் சிறு உணவக உரிமையாளர்கள்

நகல்:
மாநகராட்சி ஆணையர், சேலம்
மாநகரக் காவல் ஆணையர், சேலம்
மாவட்ட நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை, சேலம்