இளைத்த பிள்ளைக்குச் சர்க்கரை வந்தால் பலகாரத்தையா பழிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் வயதுச் சர்க்கரை நோய் பற்றிய தங்கள் கட்டுரை, பலகாரத்தையும் உடலுழைப்பு இல்லாததையும் மட்டுமே காரணமாகச் சொன்னது. எங்கள் வீட்டு அனுபவம் வேறு.

என் பேரனுக்கு 14 வயதில் சர்க்கரை தெரிந்தது. ஈர்க்குச்சி உடம்பு. அன்றே இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். பார்க்க வந்தவர்கள், "ஆச்சி கந்தரப்பமும் உக்காரையுமாகச் செய்து கொடுத்தால் வராமல் என்ன செய்யும்?" என்றார்கள். நான்கு ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தேன். காலஞ்சென்ற என் கணவருக்கு 22 வயதிலும் மகனுக்கு 19 வயதிலும் இதே நோய் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை; எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவர்தான் முதலில் கேட்டார். பேரனின் கணையம் அப்போதும் இன்சுலின் சுரந்துகொண்டிருந்ததை சி-பெப்டைடு சோதனை காட்டியது. மரபணுச் சோதனையில் எச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணுவில் பிழை தெரிந்தது. அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 1996லேயே அறியப்பட்டதாம்!

அவர் பொறுமையாக விளக்கினார். சில மரபணுக்கள் மற்ற மரபணுக்களை ஏவி வேலை வாங்குபவை. பி.டி.எக்ஸ்.1 அப்படிப்பட்டது, அது இல்லாத எலிக்குட்டிகள் கணையமே இல்லாமல் பிறந்ததை 1994இல் கண்டார்கள். கருவில் கணையத்தை உருவாக்கிய பிறகும் இவை ஓய்வதில்லை. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைக் கட்டிய கொத்தனாரே அங்கு தங்கி ஆயுள் முழுக்க ஓடு மாற்றுவதுபோல, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை இவைதான் பராமரிக்கின்றன. இவற்றில் ஒன்றான எச்.என்.எஃப்.1ஏ கெட்டால் அந்தச் செல்கள் சர்க்கரையை உணர்ந்து இன்சுலின் விடுவது தளர்ந்துபோகிறது. சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை, பழுதான இடத்தைத் தாண்டி இன்சுலினை வெளியே வரவைக்கிறது. பேரனுக்கு ஊசி நின்று எட்டு மாதமாகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஊசியை நிறுத்த வேண்டாம். உடலில் இன்சுலின் ஏறக்குறையச் சுரக்காமலே போகும் முதல் வகை நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆனால் 25 வயதுக்குள் நோய் வந்து, பெற்றோரில் ஒருவருக்கும் அப்படியே இளமையில் வந்திருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் பிழை ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. என் பேத்திக்கு இப்போது 11 வயது.

சோதனைக்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதி போயிற்று. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் என்ன செய்யும்? இத்தகைய பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே இதை இலவசமாகச் செய்ய அரசு முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்