பெரியப்பாவின் கேமரா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்துவிட்டதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். பெரியப்பாவின் பென்டாக்ஸ் கே1000 உன்னிடம் வந்து சேர்ந்தது அதைவிடப் பெரிய சேதி!

வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, இந்த ஃபிலிம் கேமரா இனி உதவாதோ என்று கேட்கிறாய். 1976-ல் வந்து 1997 வரை விற்ற மாடல் அது. ஃபிலிம் மேல் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அந்த மீட்டருக்குத் தனி சுவிட்சும் கிடையாது. லென்ஸ் மூடி இல்லாமல் வெளிச்சத்தில் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். அடியில் புது பட்டன் பேட்டரி ஒன்று போட்டுப் பார், முள் எழுந்தாலும் எழும்.

எழுந்தாலும் கொஞ்ச நாள் அதைப் பார்க்காதே, வெளிச்சத்தைக் கண்ணாலேயே கணித்துப் பழகு என்பேன். 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போடு, ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளி உணரும் திறன். சுள்ளென்ற வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரம், எண் குறைந்தால் துவாரம் பெரிது) 16, ஷட்டர் 1/500 நொடி. ஷட்டரை மாற்றாமல், மேகம் மூடி நிழலே விழாவிட்டால் அப்பெர்ச்சர் 8. வெயில் நாளில் மர நிழலில் நிற்பவரை எடுக்க 4. சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் கொடு. நெகட்டிவ் தாங்கும், குறைந்தால்தான் படம் சேறாகிவிடும். நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே விழும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இது அப்படியே தலைகீழ், அதை இப்போதைக்குத் தொடாதே.

ரோல் போடும்போது ஒன்று கவனி. பின்மூடியைச் சாத்தியதும் இடது பக்கத்து ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருகு, லேசாக இறுகும் வரை. அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. எண் காட்டும் முள் மட்டும் முப்பத்தாறு வரை ஜோராக ஓடும், உள்ளே ஒரு படமும் இருக்காது.

பின்மூடியின் ஓரப் பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். இத்தனை வருஷத்தில் அது பிசுபிசுவென்று தாராகியிருக்கும். சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டிவிடு, இல்லையென்றால் படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஓரத்தில் சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. அதைப் பிரிக்க நீயாக இறங்காதே.

ஃபோன் இருக்க இது எதற்கு என்று உன் பையன் கேட்டானாம். நியாயமான கேள்விதான். ஓடியாடும் பேரனை ஃபோனிலேயே எடு. ஃபிலிம்தான் உசத்தி என்று சாமியாடுபவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எனக்கு இதில் பிடித்தது வேறு: கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மீட்டர் கெட்டுப்போனது உனக்கு ஒருவிதத்தில் நல்லதுதான்.

முதல் ரோலைக் கழுவியதும் பிரிண்ட்டை நம்பி முடிவு கட்டாதே. நெகட்டிவையும் கேட்டு வாங்கி, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்