சண்டை முற்றுமுன் பேசித் தீர்க்க ஆள் வேண்டும்: சுங்கை சிப்புட் குடியிருப்பாளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட, நில அலுவலகம்,
குவாலா கங்சார், பேராக்.

பொருள்: சுங்கை சிப்புட் வட்டாரக் குடியிருப்புகளில் தமிழ் பேசும் சமூக மத்தியஸ்தர்களைப் பயிற்றுவித்து அமர்த்தக் கோருதல்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளியேறி, இன்று மலிவுவிலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருப்பவர்கள் நாங்கள். சாலை, கால்வாய் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனி மனு வரும். இது எங்கள் பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் லாக்கப்புக்கும் போவதைப் பற்றியது.

வெளியில் இருப்பவர்கள் இதையெல்லாம் குண்டர் கும்பல் பிரச்சினை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கும்பல்கள் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை. ஆனால் நாங்கள் அன்றாடம் பார்ப்பது வேறு. வாசலை மறித்து நிறுத்திய மோட்டார் சைக்கிள், மேல்வீட்டிலிருந்து சொட்டும் துணி, திருப்பித் தராத முந்நூறு வெள்ளிக் கடன், திருவிழா ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்ற ரோஷம், இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கே யாராவது இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் ஒரு தேத்தண்ணியோடு முடிந்திருக்கும். யாரும் பேசுவதில்லை. ஒருவன் வாட்ஸ்அப் புலனத்தில் குரல்பதிவு போடுகிறான், அது அடுத்த தாமான் குடியிருப்புக்குப் போகிறது, கூட்டாளிகள் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சண்டை எதற்கென்றே தெரியாது. பாராங் கத்தி வெளியே வந்த பிறகுதான் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது.

காவலர்களைக் குறை சொல்லவில்லை. வாய்த்தகராறுக்குப் புகார் கொடுத்தால் எழுதிக்கொள்வார்கள். அதற்குமேல் அவர்களால் செய்ய முடிந்தது குறைவு. நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். தினக்கூலிக்குப் போகிறவர், துணி சொட்டியதற்கு வக்கீல் வைப்பாரா?

தோட்டத்தில் இருந்தவரை இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் சண்டை என்றால் வேலையை மேற்பார்க்கும் தண்டலோ, கோயில் தலைவரோ, சங்கத் தலைவரோ கூப்பிட்டு விசாரிப்பார். சில நேரம் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணிவரை போகும். சண்டை அடங்கிவிடும். அடங்கியது நியாயத்தாலா, வேலையும் வீடும் போய்விடும் என்ற பயத்தாலா என்று கேட்டால் பதில் சங்கடமானது. அடிவாங்கிய பெண்ணைக் குடும்ப விஷயம் என்று திருப்பி அனுப்பியதும் அதே பஞ்சாயத்துதான். அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்பு நிலமாயின. வெவ்வேறு தோட்டத்துச் சனங்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினோம். பழைய பஞ்சாயத்து போனது. அந்த இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை. பழையதைத் திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது சட்டத்திலேயே இருக்கிறது. 1975 முதல் இயங்கும் அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா என்றால் பலருக்கும் இரவு ரோந்துதான் நினைவுக்கு வரும். 2012-ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டமோ, அக்கம்பக்கத் தகராறுகளில் சமரசம் பேசுவதையும் அதன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தேசிய ஒற்றுமைத் துறை சமூக மத்தியஸ்தர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. எங்களுக்குத் தெரிந்து, எங்கள் குடியிருப்புகளில் அப்படிப் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் ஆள் ஒருவர்கூட இல்லை.

1972-ல் தேசிய ஒற்றுமை அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். 1948 ஜூனில் இங்கே தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடியும் முன்பே, 1954-ல், அவர் முயற்சியால் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்டது. ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சியை எந்த ஊரில் தொடங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு காரணம் இருக்கட்டுமே என்றுதான்.

எனவே, எங்கள் குடியிருப்புகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து அந்தப் பயிற்சிக்கு அனுப்பத் தாங்கள் ஒற்றுமைத் துறையிடம் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். மலாயும் நன்றாகப் பேசத் தெரிய வேண்டும், ஏனென்றால் படிக்கட்டில் எதிர்ப்படுவோர் எல்லோரும் தமிழர்கள் அல்ல. கட்சிக் கிளைத் தலைவர்களும் கோயில் நிர்வாகத்தினரும் தயவுசெய்து வேண்டாம். அவர்கள்மீது மரியாதை உண்டு; ஆனால் சில சண்டைகள் அவர்கள் நாற்காலிகளைச் சுற்றியே நடக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வருபவர்களுக்கு வசதியான நேரத்தில், ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவைத் திறந்துவைத்தால் போதும். அங்கே பேசுவது காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும். விருப்பமில்லாதவரை இழுத்துவந்து உட்காரவைக்கவும் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனைவியை அடிப்பதும் பிள்ளைகளை வதைப்பதும் இந்த மேசைக்கு வரவே கூடாது. அதற்கு 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு ஆணை இருக்கிறது. அப்படி யாராவது வந்தால் சமரசம் பேசாமல் காவல் நிலையத்துக்கும் சமூக நலத்துறைக்கும் வழிகாட்டுவதும், 15999 தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதும்தான் மத்தியஸ்தரின் வேலை. வெட்டுக்குத்து, ஆயுத வழக்குகளும் காவல்துறைக்கே உரியவை.

இடைநிலைப் பள்ளிகளைப் பற்றியும் மாவட்டக் கல்வி அலுவலகத்துடன் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து முதலாம் படிவத்துக்குப் போகும் பையன்கள் முதல் வருடத்திலேயே யாராவது ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டியிருக்கிறது. கைகலப்பு நடந்தால் பள்ளியிலிருந்து நீக்குவது எளிது. நீக்கப்பட்டவனை மறுநாள் யார் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது தாங்களும் அறிந்ததே. நீக்கும் முடிவுக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெற்றோரையும் மத்தியஸ்தரோடு ஒருமுறை உட்காரவைக்க வழி செய்யுங்கள்.

இம்மனுவின் மலாய் வடிவமும் குடியிருப்பாளர்களின் கையொப்பங்களும் இணைக்கப்பட்டுள்ளன. நேரில் பேசத் தங்களுக்கு ஏதுவான நாளைக் குறித்துத் தந்தால் வருகிறோம். எங்களில் பலர் ஷிப்ட் வேலைக்குப் போவதால் மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.