மனு திரும்பி வந்த இடம்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சின்னவளுக்குத் தையில் நிச்சயம் வைத்திருக்கிறோம், நீ கட்டாயம் வர வேண்டும்.

எதிர்வீட்டுப் பையன் விஷயம் கேட்டிருந்தாய். வண்டி பேப்பரைப் பார்க்கணும் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்ததற்கு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். மனு எஸ்.பி. ஆபீஸ் போய், டி.எஸ்.பி.யிடம் போய், கடைசியில் அதே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அடித்தவருக்கு அடுத்த மேஜையில் இருந்த ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "மேல் நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி" என்றார். 'நடவடிக்கை' என்ற சொல்லை இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினான். அவ்வளவு நடுக்கம்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதிதான் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று. கேரளத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நாம் 2013-இல் போட்ட சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அடிபட்டவன் யாரை நம்பி அந்தப் படியேறுவான், சொல்?

2020-இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் போலீஸ் அடித்ததில் அப்பாவும் மகனும் செத்தபோது, மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. ஸ்டேஷன் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு பயந்துகொண்டேதான் அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். ஆனாலும் கொடுத்தார். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கேட்க வெளியாள் ஒருவர் வந்ததால்தானே அந்த அம்மாளுக்கும் வாய் திறக்க முடிந்தது? போலீசில் இருக்கிற நல்லவர்களுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும்.

சரி, ஒரு உதவி. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம் என்று பையனின் அம்மா சம்மதித்துவிட்டாள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து மாதம் ஓடிவிட்டது. உன் மருமகனிடம் சொல்லி மனு எழுதித் தரச் சொல். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு