பைக்குக் காவல் யார்?

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது தேங்காய்க் கணக்கோடு வந்து நிற்கிறார்கள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, இந்த வெள்ளை ஈ வந்த பிறகு காய்ப்பு பாதியாகிவிட்டது. 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம்தான் இதை முதலில் பார்த்தார்கள் என்பார்கள், நம் தோப்பை விட்டு இன்னும் போகவில்லை. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக அப்பிக்கொண்டு, அது விடுகிற பிசுபிசுப்பு கீழ் ஓலையில் சொட்டி, அதன்மேல் கரி பிடித்த மாதிரி பூசணம் படிந்து கிடக்கிறது. மருந்து அடிக்காதே, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி என்கிறார் கிருஷி பவன் விவசாய ஆபீஸ்காரர். நாற்பதடி மரத்துக்கு யார் பீய்ச்சுவது!

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோயமுத்தூரில்தான் செய்தோம். இப்போது வீட்டில் எங்கே ஒட்டடை இருந்தாலும் அம்மா கண்ணில் படுகிறது. எனக்குத்தான் நிம்மதி போச்சு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பொங்கல் லீவுக்குப் பையன்களையும் உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறாய், பையன்கள் கொச்சியில் இருக்கிற பெரிய பார்க்குக்குப் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். நான் பாலக்காட்டுக்குப் பக்கத்து மலம்புழை அணைத் தோட்டம் என்றுதான் சொல்வேன். உடனே முகத்தைச் சுளிக்காதே, காரணத்தைக் கேள்.

நாம் எட்டாவது படிக்கும்போது நம் தமிழ் மீடியம் கிளாஸில் ஒரே பேச்சு, இதே கொச்சிப் பார்க், அன்றைக்கு வீகாலேண்ட். 2000-ல்தானே திறந்தார்கள்? இப்போது அது வொண்டர்லா. போய்விட்டு வந்த ஒருத்தி கையில் கட்டிய காகிதப் பட்டையை ஒரு வாரம் கழற்றாமல் வந்தாள். நமக்கு அந்த யோகம் இல்லை. எங்கள் அப்பா பட்ஜெட்டுக்கு மலம்புழை ஃபேன்டசி பார்க்தான். கேரளத்திலேயே முதல் பார்க் இதுதான், தெரியுமா என்று அதையே ஒரு பெருமையாகச் சொல்லி நம் வாயை அடைத்தார். நீயும் எங்களோடு வந்தாய். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி முதல் நாள் ராத்திரியே புளிச்சோறு கிளறி வாழை இலையில் கட்டி வைத்தது, சித்தூர், தத்தமங்கலம் தாண்டிப் பாலக்காடு ஸ்டாண்டில் பஸ் மாறியது, பஸ் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் படுதா இருந்ததை நீ அதிசயமாகப் பார்த்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அப்போதுதான் உடுமலைப்பேட்டையில் இருந்து வந்து எங்கள் ஸ்கூலில் சேர்ந்திருந்தாய்.

தாத்தா, நம் அப்புச்சிக்குப் பார்க்கும் வேண்டாம், ராட்டினமும் வேண்டாம். அவர் வந்தது அணையைப் பார்க்க. 1955-ல் காமராசர் வந்து அணையைத் திறந்தபோது தன் அப்பாவோடு மாட்டுவண்டியில் போய்க் கூட்டத்தில் நின்றவர். போகிற வழியெல்லாம் அதே கதை. ‘அன்னைக்கு நாம திருவிதாங்கூர்-கொச்சி, பாலக்காடு மதராஸ். மலம்புழைக்குப் போறதுன்னா நாம தமிழ்நாட்டுக்குப் போறோம்னு அர்த்தம்’ என்பார். நமக்குக் குழம்பும். பாலக்காடு கேரளா, கோயமுத்தூர் தமிழ்நாடு என்பது தவிர நமக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் சொன்னது நிஜம். சித்தூர்த் தாலுகா கொச்சி ராஜாவுடையது, பாலக்காடு பழைய மலபார் ஜில்லா, அதாவது மதராஸ். 1956 நவம்பரில் கேரளம் பிறந்தபோதுதான் இரண்டும் ஒன்றாயின. அணைமேல் ஏறி, இரண்டு கிலோமீட்டர் சுவரையும் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நடந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். கூட யாரும் போகவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அம்மிச்சிக்கு வேறு வேலை. தோட்டத்தில் ஒரு மரநிழலில் ஜமுக்காளம் விரித்து, எல்லாருடைய பையையும் சுற்றி அடுக்கி, நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குப்போசி, துண்டு, மாற்றுத்துணி, அப்பாவின் டார்ச் லைட் (பகலில் எதற்கு என்று நாம் கேட்டதற்குப் பதில் வரவில்லை) எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் அது காவல் மட்டும் இல்லை, வசந்தி. அங்கேயே உட்கார்ந்து பக்கத்து ஜமுக்காளத்து மலையாள அம்மாவோடு சிநேகமாகி, புளிச்சோறு கொடுத்து, பதிலுக்கு உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கி, அவர்கள் வீட்டு மருமகள் கதை முழுவதும் தெரிந்துகொண்டாள். பாதி மலையாளம், பாதி தமிழ். யாருக்கும் ஒன்றும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த யக்ஷி சிலை! கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்தது. முப்பது அடி உயரத்தில், ஒட்டுத்துணி இல்லாமல், கால் நீட்டி, தலையை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவளேதான். அந்தச் சிற்பி நம் மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர் என்று பிற்காலத்தில் எங்கோ படித்தேன். அன்று அது யாருக்குத் தெரியும். அம்மா நம் இருவர் தோளையும் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். அம்மிச்சிதான் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘இந்த வேகாத வெயில்ல ஒக்காந்திருக்கறா, ஒரு குடையாவது வெச்சுக் குடுத்திருக்கலாம்’ என்றாள். துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

பார்க்குக்குள்ளே போனது அப்பா, நீ, நான், தம்பி. டிக்கெட் எடுத்தும் அப்பா எதிலும் ஏறவில்லை. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்த மனுஷனுக்குக் கப்பல் ஆடுவதைவிட அதை எது ஆட்டுகிறது என்பதுதான் முக்கியம். நாம் கொலம்பஸ் என்கிற அந்த ஆடுகிற கப்பலில் கத்திக்கொண்டிருந்தபோது அவர் வேலிக்கு வெளியே குத்தவைத்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் அடிவயிற்றுக்கு நேர் கீழே ஒரு டயர் இருக்கும். கப்பல் தாழ வந்து அதைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் டயர் சுற்றி, உரசி, ஒரு தள்ளு கொடுக்கும். ஊஞ்சலில் பிள்ளையை உட்காரவைத்துச் சரியான நேரம் பார்த்து முதுகில் தட்டிவிடுகிறோமே, அதே வேலை. நிறுத்துவதும் அந்த டயர்தான். ‘இத்தனை பெரிய கப்பலு, ஒரு டயருல ஓடுது’ என்று அதை வீட்டுக்கு வரும்வரை சொல்லி மாய்ந்தார். நடுவில் உட்கார்ந்தால் பயம் கம்மி, ஓரத்தில்தான் உயரம் அதிகம் என்று முதலிலேயே எச்சரித்தவரும் அவர்தான். நீ கேட்டாயா? கடைசி வரிசைக்கு ஓடினாய். உன் புதுச் செருப்பு காலை விட்டுப் பறந்து டிக்கெட் கொட்டகைக் கூரையில் போய் விழுந்தது. கப்பல் ஓட்டுகிற பையன் ‘சாரமில்ல மோளே’ (பரவாயில்லை மகளே) என்று சொல்லிக்கொண்டே எங்கிருந்தோ ஒரு தொரட்டி கொண்டுவந்து எடுத்துக் கொடுத்தான். தேங்காய் பறிக்கிற ஊரில் அது ஒரு சௌகரியம்.

டேஷிங் காரிலும் அப்பாவுக்குக் கார்மேல் கண் இல்லை, பின்னால் நிமிர்ந்து நிற்கிற கம்பியின்மேல்தான். அது மேலே கம்பிவலையை உரசும்போது பொறி பறக்குமே, தம்பி பயந்து இறங்கிவிட்டான். அப்பா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலே வலை ஒரு வயர், கீழே இரும்புத் தகடு இன்னொரு வயர், ரெண்டுக்கும் நடுவில் கார், அவ்வளவுதான், வீட்டுக் கரண்ட் அளவுக்கு வோல்டேஜ் கிடையாது என்று விளக்கினார். தம்பி சமாதானமாகவில்லை. ஆனால் இன்று அவன் எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர். அந்தப் பொறியில்தான் ஆரம்பித்தது என்று அப்பா கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி சிரித்துக்கொண்டே மறுப்பான்.

சாயங்காலம் நடந்ததுதான் உச்சம். ரோப் காரில் ஏற அம்மா பயந்தாள், அப்புச்சி கால் வலி என்றார். (பின்னே, அணையை முழுதாக நடந்தால்?) அம்மிச்சி எழுந்து புடவையை உதறிக்கொண்டு, ‘பழனி விஞ்சுலயே போனவ நானு, இதென்ன பெருசா’ என்றாள். ரோப் கார் நமக்காக நிற்காது அல்லவா, பின்னால் வந்து முழங்காலைத் தட்டும்போது சட்டென்று உட்கார்ந்துவிட வேண்டும். அவள் சரியாக உட்கார்ந்தாள். ஆனால் பையை யாரிடமும் கொடுக்கவில்லை! தூக்குப்போசிப் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி, பக்கத்தில் உன்னையும் உட்கார வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கு மேலே போய்வந்தாள். கீழே நின்று பார்த்த எங்களுக்குப் பைதான் முதலில் தெரிந்தது. மேலே உன்னிடம் என்ன பேசினாள் என்று நீ இதுவரை எனக்குச் சொன்னதில்லை. இந்தத் தடவையாவது சொல்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். போன வருஷம் நாங்கள் வேறு ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம், பேர் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொன்றின் வாசலிலும் உயரம் அளக்கிறார்கள். அதுவும் சரிதான், உயரம் பத்தாத பிள்ளையைத் தோள்கம்பி சரியாகப் பிடிக்காது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு போர்டு: இருதய நோய், ரத்த அழுத்தம், கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது. என் கழுத்து எலும்பு விஷயம் உனக்குத் தெரியும். அந்தப் போர்டோடு எனக்கு வேலை முடிந்தது. கட்டுச்சோறு உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே டிக்கெட். பை வைக்க லாக்கர் இருக்கிறது, அதனால் பைக்குக்கூடக் காவல் தேவையில்லை. ஈரத்துண்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிமெண்ட் பெஞ்சில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். என் மாமியாரை ஏன் கூட்டிவரவில்லை என்று பிள்ளைகள் கேட்டபோது, நல்லவேளை வரவில்லை என்றுதான் தோன்றியது.

ஃபேமிலி பார்க் என்று போர்டு வைக்கிறார்கள். இவர்கள் சொல்கிற ஃபேமிலி பத்து வயதில் ஆரம்பித்து நாற்பதில் முடிந்துவிடுகிறது. மலம்புழையில் அப்படி இல்லை. அது பார்க் ஆவதற்கு முன்னாலேயே தோட்டம், தோட்டத்துக்கு முன்னாலேயே அணை. சுற்றுவதற்குச் சுற்றுகிற சாமான் இருந்தது, அதை அடியில் குனிந்து பார்க்கிறவருக்கும் இடம் இருந்தது. நடக்கிறவர் நடந்தார். சும்மா இருக்க வந்தவளுக்கு மரமும் வாய்க்கால் தண்ணீரும் இருந்தன. சும்மா இருந்தவள்தான் கடைசியில் ரோப் காரில் போனாள். அதற்கு அவளை யாரும் அளக்கவில்லை.

உனக்குத் தாம்பரத்தில் இருந்துகொண்டு கிஷ்கிந்தா பார்க் தெரியாதா? 1995-ல் அதை ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் 3டி படம் எடுத்த மலையாளத் தயாரிப்பாளர். மதராஸ் முதலமைச்சர் வந்து நமக்கு அணையைத் திறந்துவைத்தார், நம் பக்கத்து ஆள் உங்கள் ஊரில் பார்க் திறந்தார். அப்புச்சி இருந்திருந்தால் கணக்கு நேர் என்று சொல்லியிருப்பார்.

உன் பையன்கள் பெரியவன் பிளஸ் ஒன், சின்னவன் எட்டாவது. அவர்களுக்கு கொலம்பஸ் போதாமல் போகலாம். அதனால் என் யோசனை: முதல் நாள் எல்லாரும் மலம்புழை. மறுநாள் அண்ணன் (உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் போகட்டும். நீ, நான், அம்மா, உன் மாமியார் நாலு பேரும் வீட்டில் இருந்து அரட்டை அடிக்கலாம். பொங்கலுக்குப் பாலக்காடு ஜில்லாவுக்கும் லோக்கல் லீவு உண்டு என்பதால் என் பிள்ளைகளுக்கும் ஸ்கூல் கிடையாது. ஆனால் அன்றைக்குக் கோயமுத்தூர், திருப்பூர்க் கூட்டம் முழுக்க மலம்புழையில்தான் இருக்கும். ஒரு நாள் தள்ளிப் போவோம்.

சென்னையில் இருந்து வருகிற ரயிலில் பாலக்காடு ஜங்ஷனில், அதாவது ஒலவக்கோட்டில், இறங்கிவிடு. தோட்டம் அங்கிருந்து பக்கம். நாங்கள் சோறு கட்டிக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுகிறோம். சண்டிகர் பாறைத் தோட்டத்தைச் செய்த நெக் சந்த் இங்கேயும் வடிவமைத்த பாறைத் தோட்டமும் பார்க்கலாம். உடைந்த வளையல், ஓடு, பீங்கான் இதையெல்லாம் வைத்துச் செய்தது. உன் மாமியாருக்குப் பிடிக்கும், அவர்தான் எதையும் தூக்கிப்போடாத ஆள் என்று நீயே எழுதியிருக்கிறாயே. அவருக்கு எவ்வளவு தூரம் நடக்க முடியும், புளி சேருமா சேராதா என்பதை மட்டும் எழுது. சேராது என்றால் எலுமிச்சைச் சோறு கிளறிவிடலாம்.

டிக்கெட்டை உடனே போடு, பொங்கல் சமயத்தில் கடைசி நேரத்தில் ஒன்றும் கிடைக்காது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாந்தாமணி