புல்தரையைப் புதுப்பிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டுப் புல்தரை மெலிந்து, திட்டுத்திட்டாக மண் தெரிவதைப் பார்த்தேன். வரும் விடுமுறையிலேயே விதை வாங்கித் தூவிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே அம்மா. புல் தானாக மெலிவதில்லை. ஏதோ ஒன்று அதை மெலிய வைத்திருக்கிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே விதையைத் தூவினால், பழைய புல்லுக்கு நேர்ந்ததுதான் புதிய நாற்றுக்கும் நேரும்.

ஆகவே முதலில் தரையைச் சோதித்துப் பார். மழை பெய்த மறுநாள் ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் கையால் அழுத்து. ஈரமாக இருக்கும்போதே அது இறங்க மறுத்தால், மண் இறுகிப் போய் வேருக்குக் காற்றும் நீரும் எட்டாமல் இருக்கிறது என்று பொருள். பழுப்பாக இருக்கும் இடங்களில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார். வேர் உறுதியாகப் பற்றியிருந்தால் அது வறட்சியில் உறங்கும் புல்லாக இருக்கலாம், நீர் கிடைத்தால் எழுந்துவிடும். பாய் போலச் சுருண்டு கையோடு வந்தால், அடியில் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள் இருக்கின்றனவா என்று தோண்டிப் பார். பிறகு ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே காய்ந்த தண்டும் வேரும் பின்னிக் கிடக்கும் படலத்தை அளந்து பார். அது 1.25 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், நீ தூவும் விதை அதன் மேலேயே தங்கிக் காய்ந்துவிடும். மரத்தடியில் நாளுக்கு நான்கு மணி நேர வெயில்கூட விழவில்லை என்றால், அங்கே புல்லுக்காகப் போராடுவதை விட்டுவிட்டு நிழல் தாங்கும் வேறு செடிகளை வைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

மண் பரிசோதனையைத் தவிர்க்காதே. பல இடங்களில் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பு. மண்ணின் கார அமில அளவு (pH) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான புல் வகைகளுக்கு ஏற்றது. அமிலம் மிகுந்தால் சுண்ணாம்பும் காரம் மிகுந்தால் கந்தகமும் இடுவார்கள். அளவு தெரியாமல் எதையும் இடக் கூடாது.

தரையில் பாதிக்கு மேல் களையாக இருந்தால், பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சரி. நல்ல புல் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால், அதன் ஊடாகவே விதைக்கலாம். உன் படங்களைப் பார்த்தால் இரண்டாவது வழியே போதும் என்றுதான் நினைக்கிறேன்.

எப்போது விதைப்பது என்பது உன் புல்லின் இனத்தைப் பொறுத்தது. ஃபெஸ்க்யூ, ரை, கென்டக்கி நீலப்புல் போன்ற குளிர்ப் பருவப் புற்களுக்குக் கோடையின் இறுதியும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும் ஏற்றவை. அப்போது மண்ணில் சூடு மிஞ்சியிருக்கும், காற்று குளிரத் தொடங்கியிருக்கும், களைகளின் வேகமும் தணிந்திருக்கும். அருகம்புல் போன்ற வெப்பப் பருவப் புற்களையோ மண் நன்றாகச் சூடேறிய பிறகு, கோடையின் முன்பகுதியில் விதைக்க வேண்டும். விதைப் பையின் மேல் அச்சிட்டிருக்கும் முளைப்புத்திறன், களை விதை விகிதம், பரிசோதித்த தேதி ஆகியவற்றைப் படித்துவிட்டு வாங்கு. படத்தில் தெரியும் பசுமையை நம்பி வாங்காதே.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விதை மண்ணைத் தொட வேண்டும். இந்த வேலை முழுவதும் அதற்காகத்தான். புல்லை வழக்கத்தைவிடத் தாழ்வாக, 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை வாரி அகற்று. காய்ந்த படலத்தைப் பல்வாரியால் அழுத்தி வாரி, கீழே மண் தெரியும்படி செய். இறுகிய மண்ணில், உருளை உருளையாக மண்ணைப் பெயர்த்தெடுக்கும் துளைக் கருவியை வாடகைக்கு எடுத்து 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் வரை துளையிடு. வெறும் ஆணியால் குத்தினால் துளையின் சுவர் மேலும் இறுகுமே தவிரப் பயன் குறைவு. பெயர்ந்த மண்ணுருளைகளை அப்படியே விட்டுவிடு; காய்ந்ததும் உதிர்ந்து விதையின் மேல் மெல்லிய போர்வையாகும்.

விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் தூவினால் இடைவெளி விழாது. உயர ஃபெஸ்க்யூ வகைக்கு, ஏற்கெனவே புல் இருக்கும் தரையில், சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் போதும். கூடுதலாகத் தூவினால் நாற்றுகள் நெருங்கி, ஒன்றையொன்று நலிய வைக்கும். தூவியதும் லேசாக வாரிவிடு. விதை அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் புதைந்தால் போதுமானது. மேலே சலித்த மட்கு உரத்தை மெல்லிய படலமாகப் பரப்பு.

நீர் விஷயத்தில்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள், நீ விடக் கூடாது. முளைக்கும் வரை மேல்மண் ஒருபோதும் காயக் கூடாது, அதே வேளையில் நீர் தேங்கவும் கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லிய தூவலாகத் தெளி. முளைவிடத் தொடங்கிய விதை ஒரே பிற்பகல் வெயிலில் காய்ந்து செத்துவிடும், மீண்டும் நனைத்தாலும் உயிர் பெறாது. ரை ஒரு வாரத்திலேயே தலைகாட்டும். ஃபெஸ்க்யூவுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். நீலப்புல் மூன்று நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். கலப்பு விதையானால், முதலில் எழும் பச்சையைப் பார்த்து நீரைக் குறைத்துவிடாதே, மெதுவானவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. எல்லாம் முளைத்த பிறகு தெளிக்கும் தடவைகளைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் விடும் நீரின் அளவைக் கூட்டு. வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும்.

களை முளைக்காமல் தடுக்கும் மருந்து புல் விதையையும் தடுத்துவிடும் என்பதால், அதை இந்தப் பருவத்தில் தொடவே வேண்டாம். புதுப்புல் 8 அல்லது 9 சென்டிமீட்டர் வளர்ந்ததும், நன்றாகத் தீட்டிய கத்தியுள்ள புல்வெட்டியால், மண் உலர்ந்திருக்கும் நாளில் முதல் வெட்டு வெட்டு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. மழுங்கிய கத்தி இளநாற்றை வெட்டாமல் வேரோடு பிடுங்கிவிடும். அதுவரை குழந்தைகளைப் புல்லில் ஓடவிடாமல் பார்த்துக்கொள்.

மண் பரிசோதனை முடிவு வந்தவுடன் எனக்கு அனுப்பு. சுண்ணாம்பு தேவையா, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு இடலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். விதையை அதன் பிறகு வாங்கினால் போதும்.

அன்புடன்,
அப்பா